நாலாவது ரெக்கார்டு

ஜனவரி 12, திங்கள்

சிட்டு,

உன் பேருக்கு இந்த வருஷமும் இன்ஷூரன்ஸ்காரர்கள் டைரி அனுப்பியிருக்கிறார்கள். நீ போய் இரண்டு மாதம் ஆனது அவர்களுக்குத் தெரியாது. தபால்காரர் வந்து, "இன்னாசி சார் வீடுதானே? கையெழுத்துப் போடுங்க" என்றார். போட்டேன். நீயாக இருந்தால் முதல் பக்கத்தில் பெரிதாகப் பேரை எழுதிவிட்டு, பிறகு டிசம்பர் வரைக்கும் தொடமாட்டாய். நான் எழுதிப் பார்க்கிறேன். ஐந்தாம் வகுப்புப் படிப்பு எவ்வளவு தூரம் ஓடுமோ அவ்வளவு தூரம் ஓடட்டும்.

நாலு பேர் முன்னால் உன்னை 'என்னங்க' என்றுதான் கூப்பிட்டேன். சிட்டு என்றது கதவைச் சாத்திய பிறகு. பியானோவில் உன் விரல் அரிசி கொத்துகிற மாதிரி போகும், அதனால் வைத்த பேர். இப்போது கதவைச் சாத்தினாலும் சாத்தாவிட்டாலும் ஒன்றுதான். எழுதுவதில் வெட்கம் என்ன.

எழுத ஒரு காரணமும் வந்திருக்கிறது. பெங்களூரிலிருந்து மிருணாளினி என்று ஒரு பெண். பழைய ரெக்கார்டுகளைத் தேடிப் பிடித்து மறுபடி போடுகிற கம்பெனியாம். சோபாவில் உன் பள்ளத்தில் உட்கார்ந்துவிட்டாள். எழுந்திரு என்று சொல்ல வாய் வரவில்லை.

"சார் ஓட்டல்ல, சினிமால, மத்தவங்க பேண்டுல வாசிச்சது எவ்வளவோ இருக்கு ஆன்ட்டி. எங்களுக்கு அது வேணாம். அவரே லீடரா இருந்து, அவர் பேர்ல பண்ண ரெக்கார்டு மட்டும் வேணும். மொத்தம் எத்தனை?"

"மூணு" என்றேன்.

"உங்களுக்கு ஞாபகம் வர்றத எல்லாம் எழுதி வையுங்களேன். யார் வாசிச்சா, எங்க, அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு."

"எனக்குப் பாட்டு தெரியாதும்மா. சமையல்கட்டுலேர்ந்து கேட்டதுதான்."

"அதான் எனக்கு வேணும்" என்றாள். பிப்ரவரி கடைசிக்குள் ஒப்பந்தத்தில் கையெழுத்து வேண்டுமாம்.

ஜனவரி 15, வியாழன்

எதிர்வீட்டிலிருந்து பொங்கல் வந்தது. உனக்குப் பிடித்த முந்திரியை ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டு, பிறகு நானே தின்றேன்.

மிருணாளினிக்காக.

முதல் ரெக்கார்டு 1966. கல்யாணமாகி ஆறு மாதம். மவுண்ட் ரோட்டில் ஒரு மாடியில் எடுத்தார்கள். தோசைக்கல்லில் பாதி அளவுக்குச் சின்னத் தட்டு, இந்தப் பக்கம் ஒரு பாட்டு, அந்தப் பக்கம் ஒரு பாட்டு. நீ பியானோ, ஹமீது பாய் டிரம், சிரில் சாக்ஸபோன், தாமஸ் டிரம்பெட். ஆள் உயர வயலின் வாசித்தவர் பேர் மறந்துவிட்டது, ஆனால் எலுமிச்சம்பழ ஊறுகாய் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நான் டிபன் கேரியரோடு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பாட்டுக்கு 'மீன்காரி வந்தாச்சு' என்று பேர் வைத்தாய். அட்டையில் அதை இங்கிலீஷில் போட்டுவிட்டார்கள். நம் கட்டுப்பல் அன்னம்மாள் தன் பேரில் ரெக்கார்டு வந்திருப்பது தெரியாமலே பெரம்பூரில் மீன் விற்றுச் செத்தாள்.

ஜாஸில் அந்த வகைப் பாட்டுக்கு ஹார்ட் பாப் என்று பேராம். எனக்குச் சத்தம் என்றுதான் பேர். ஆனால் அது போகிற வழி தெரியும், நீ ஒருநாள் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டே சொல்லிக் கொடுத்தாய். முதலில் எல்லாரும் ஒன்றாக வீட்டிலிருந்து கிளம்புவார்கள். கொஞ்ச தூரம் போனதும் ஒவ்வொருத்தராகத் தனி வழியில் போய் அவரவர் மனசில் இருப்பதைக் கொட்டுவார்கள். கடைசியில் எல்லாரும் சேர்ந்து வீடு திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் பாட்டு முடியவில்லை என்று அர்த்தம்.

கிளம்புவதற்கு நீ குதிகாலால் மூன்று தட்டுத் தட்டுவாய். திரும்புவதற்கு இரண்டு. அதற்காகவே அந்தப் பழுப்பு ஷூவுக்கு லாடம் அடித்து வைத்திருந்தாய்.

இரண்டாவது ரெக்கார்டு 1970, மூன்றாவது 1974. மூன்றாவதை எடுத்தபோது நான் ஊருக்குப் போயிருந்தேன். அதில் தாமஸ் கொஞ்சம் குடித்திருந்தான் என்று நீ சொன்னாய். அதை எழுதலாமா என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

அவ்வளவுதான்.

ஜனவரி 17, சனி

சிலிண்டர் மாற்றினேன். ஒற்றை ஆளுக்கு மூன்று மாதம் வரும்போலிருக்கிறது.

ஜனவரி 24, சனி

மிருணாளினி போன் செய்தாள். ஆஸ்திரேலியாவில் இருக்கிற சிரிலைத் தேடிப் பிடித்துவிட்டாளாம்.

"ஆன்ட்டி, மூணு இல்ல, நாலுங்கறார். எழுபத்தொம்பதுல சர்ச் ஹால்ல ஒண்ணு எடுத்தாங்களாமே? வெளியே வரவே இல்லையாம். இருக்கிறதுலயே அதுதான் பெஸ்ட்டுங்கறார்."

"அதைக் கரையான் தின்னுடுச்சும்மா."

"ஐயோ. முழுசாவா?"

"முழுசா."

வாய் கூசாமல் சொன்னேன். வெங்காயம் கருகிவிட்டது.

ஜனவரி 25, ஞாயிறு

கரையான் தின்னவில்லை.

பிப்ரவரி 3, செவ்வாய்

ஹமீது பாயைப் பார்க்க ராயப்பேட்டைக்குப் போனேன். மிருணாளினி கேட்ட வயலின்காரர் பேருக்காகத்தான். பேருந்தில் ஜன்னலோரம் கிடைத்தது. பக்கத்தில் உனக்கு இடம் பிடித்துக் கைப்பையை வைத்தேன், பிறகு எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

பாய்க்கு எண்பது ஆகிறது. காது பாதி போய்விட்டது. மருமகள் டீ கொண்டு வந்தாள்.

"யாரு, மதலேனா? வா தங்கச்சி வா. இன்னா இவ்ளோ எளைச்சிப் போயிட்ட? அவன் துன்னதெல்லாம் சேத்து நீ துன்ன வேணாமா?"

"உங்க காது எப்படி இருக்கு பாய்?"

"சோக்கா கீது. எவன் திட்டுனாலும் கேக்கல. முப்பது வருஷம் உம் புருஷன் குதிகாலக் கேட்டுக் கேட்டு அடிச்சவன் நானு. இப்போ அதுவும் இல்ல, காது எதுக்கு?"

வயலின்காரர் பேர் பாஸ்கோவாம். சிரித்துக்கொண்டே எல்லாம் சொன்னார். தாமஸ் டிரம்பெட்டுக்குள் பீடி ஒளித்து வைத்தது, சிரில் பேண்ட் கிழிந்து உன் கோட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாசித்தது. நானும் சிரித்தேன். நீ போன பிறகு முதல் தடவை.

பிறகு மெதுவாக, "அந்தக் கோயில் ஹால்ல எடுத்தத அவங்க கேட்டா குடுத்துராத தங்கச்சி" என்றார்.

"ஏன் பாய்?"

டம்ளரைப் பார்த்தார். "டீ ஆறுது, குடி" என்றார்.

எனக்குத் தெரிந்த காரணம்தான் அவருக்கும் என்று நினைத்து நானும் கேட்கவில்லை.

பிப்ரவரி 6, வெள்ளி

நெத்திலி நன்றாக இருந்தது. கால் கிலோ போதும் என்று எவ்வளவு சொன்னாலும் கை அரைக்கிலோதான் கேட்கிறது.

மத்தியானம் கட்டிலுக்கு அடியிலிருந்து டிரங்குப் பெட்டியை இழுத்தேன். நம் செலினுடைய ஞானஸ்நான கவுன், ஒரு காலுறை, அதற்கு அடியில் அந்த டேப். தகர டப்பா துருப்பிடிக்கக்கூட இல்லை. மேலே உன் எழுத்து: 'மெதுவா, பிள்ளை தூங்குது. 17-2-79.'

அது என்னுடைய வார்த்தை. நீ வீட்டில் தட்டும்போதெல்லாம் நான் சமையல்கட்டிலிருந்து கத்துவது. அதையே பாட்டுக்குப் பேராக வைத்துவிட்டு, "உனக்கும் பங்கு உண்டு" என்று கேலி செய்தாய். பேருக்கும் பாட்டுக்கும் சம்பந்தமே இருக்காது, தெருவே எழுந்துவிடும் என்றாய்.

முப்பது வருஷமாக வைத்திருக்கிறேன். எறியவில்லை. ஒருநாளும் கேட்கவும் இல்லை. நீயும் எங்கே என்று கேட்டதில்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு

பூசை முடிவில் அறிவித்தார்கள். போன வருஷக் குருத்தோலைகளைக் கொண்டு வந்து கோயில் வாசலில் பெட்டியில் போட வேண்டும், திருநீற்றுப் புதனுக்கு எரித்துச் சாம்பலாக்க. நம்முடையது இன்னும் படத்துக்குப் பின்னால் செருகியிருக்கிறது. நீ சிலுவையாக மடித்தது, ஒரு கை மட்டும் கோணல். அதைக் கொடுப்பதாக இல்லை.

பிப்ரவரி 10, செவ்வாய்

மிருணாளினியிடம் டேப்பைக் கொடுத்துவிட்டேன். ஏன் என்று கேட்காதே. உன் குரல் எப்படி இருக்கும் என்று காலையில் நினைத்துப் பார்த்தேன், சட்டென்று வரவில்லை. பயந்துவிட்டேன். எல்லா ரெக்கார்டிலும் உன் விரல்தான் இருக்கிறது. இதிலாவது நடுவில் பேசியிருப்பாயோ என்று.

அவள் டப்பாவைப் பச்சைக் குழந்தையை வாங்குகிற மாதிரி இரண்டு கையாலும் வாங்கினாள். கரையானைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நல்ல பெண்.

பிப்ரவரி 17, செவ்வாய்

இன்றோடு முப்பது வருஷம். நானாக நாள் குறிக்கவில்லை. அவள் இன்று வருகிறேன் என்றாள்.

கல்லறைக்குப் போய்விட்டு வந்து பருப்புக் கடைந்து வைத்தேன். பத்து மணிக்கு மிருணாளினி கம்ப்யூட்டரோடு வந்தாள். பின்னாலேயே ஹமீது பாய், ஆட்டோவிலிருந்து இறங்கத் திட்டிக்கொண்டே. அவள்தான் வரச் சொன்னாளாம்.

"குடுக்காதன்னேனே, கேட்டியா நீ?" என்றார் என்னிடம்.

"நீங்க வராம இருந்திருக்கலாமே பாய்."

"அவன் கூப்ட்டா வராம இருந்திருக்கேனா?" என்று உட்கார்ந்தார்.

போட்டாள். முதலில் கொதிக்கிற எண்ணெய் மாதிரி சத்தம். நாற்காலி இழுபடுகிறது. யாரோ இருமுகிறார்கள். பிறகு நீ.

"ஒரே தடவைதான்டா. சாப்பாட்டு நேரத்துக்கு வந்துடறேன்னு மதலேன்கிட்ட சொல்லியிருக்கேன். பிள்ளைக்கு ஜுரம். போற வழியில பன்னீர் திராட்சை வேற வாங்கணும்."

ஹமீது பாய் குரல்: "பொண்டாட்டிக்குப் பயந்தவனெல்லாம் பேண்டு வெக்கலாமா?"

நீ சிரிக்கிறாய். நாற்பத்தொரு வயசுச் சிரிப்பு. எனக்கு மறந்துபோனது அந்தச் சிரிப்புதான்.

குதிகால் மூன்று தட்டு. கிளம்பிவிட்டீர்கள்.

எனக்குப் பாட்டு தெரியாது, உனக்குத் தெரியும். ஆனாலும் சிரில் போனது, தாமஸ் போனது எல்லாம் புரிந்தது. பாய் இரண்டு உள்ளங்கையாலும் தொடையில் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு நீ தனியாக. அரிசி கொத்துகிற மாதிரியே. எனக்கு என் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை, முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

அப்போதுதான் மணி அடித்தது. கோயில் மணி. ஒன்று. நிறுத்தி, இன்னொன்று.

பாயின் கை தொடைமேல் நின்றுவிட்டது.

உன் வலது கை நின்றது. இடது கை மட்டும் கீழே உருட்டிக்கொண்டே இருந்தது. பிறகு நீ அந்த மணியின் சுரத்தையே தேடி எடுத்தாய், ஒரே ஒரு கட்டை. அடுத்த மணிக்கு அதைத் தொட்டாய். அதற்கடுத்ததற்கும் தொட்டாய். அதைச் சுற்றிச் சுற்றி மெதுவாக என்னமோ வாசித்தாய். அத்தனை மெதுவாக நீ வாசித்து நான் கேட்டதில்லை. பிறகு குதிகால் ஒரு தட்டு.

இரண்டாவது தட்டு வரவில்லை. அதோடு டேப் நின்றுவிட்டது.

மிருணாளினி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இது மத்தியானம் பன்னெண்டு மணிக்கு அடிப்பாங்களே, அந்த மணியா ஆன்ட்டி?"

"ஆமா" என்றேன்.

ஹமீது பாய் அவளிடம், "கொஞ்சம் தண்ணி எட்தாம்மா" என்றார். அவள் உள்ளே போனதும் என் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி. உன் அண்ணன் வந்து ஹால் கதவாண்ட நின்னாரு. மணி அடிக்கறப்பவே. நான்தான் பாத்தேன், டிரம் கதவப் பாத்து இருந்துச்சு. அவன் முதுகு அந்தப் பக்கம். அவர் மூஞ்சியப் பாத்ததும் எனக்குப் புரிஞ்சிபோச்சு. பாட்டு முடியட்டும்னு நான் கையக் காட்டினேன். நாந்தான். அவன் இல்ல. முப்பது வருஷம் ஜனங்க அவனத்தான் சொல்லிச்சு, புள்ள செத்த சேதி வந்தும் வாசிச்சான்னு. நான் வாயத் தொறக்கல."

அவர் அழுதார். எண்பது வயசு மனுஷர், தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு. நான், "விடுங்க பாய், சாப்பிட்டுட்டுப் போங்க" என்றேன். மூன்று பேரும் பருப்புச் சோறு சாப்பிட்டோம்.

இப்போது நாலு மணி. இருவரும் போய்விட்டார்கள். பாய் சொல்லிவிட்டார். நான் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

அன்று காலையில் செலினுக்கு ஜுரம் இறங்கியிருந்தது. இரண்டு ஸ்பூன் கஞ்சி குடித்தாள். நீ ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாய். "போகட்டுமா, வேணாமா?" என்றாய். "தவக்காலம் ஆரம்பிச்சா ஃபாதர் ஹாலைத் தரமாட்டாரு, அப்புறம் பாஸ்காப் பண்டிகை முடியணும். ஆனா நீ சொன்னா இருந்துடறேன்."

"போ" என்றேன். நான்தான் சொன்னேன். "நீ இருந்து என்ன பண்ணப் போற, பியானோ வாசிச்சா ஜுரம் எறங்குமா? போயிட்டு வா."

பத்தரைக்கு மறுபடி ஜுரம் ஏறியது. டாக்டர் வீட்டுக்கு என் அண்ணனை ஓடவிட்டேன். ஹாலுக்கு யாரையும் அனுப்பவில்லை. பத்து நிமிஷ நடைதான். ரெக்கார்டு பாதியில் நின்றால் உன் மூஞ்சி எப்படி ஆகும் என்று நினைத்தேன். ஜன்னி வந்தது. டாக்டர் வந்தபோது மூன்றரை வயசுப் பிள்ளை என் மடியில் சும்மா இருந்தாள்.

நம் கோயில் வழக்கப்படி அண்ணன் முதலில் சாமியார் வீட்டில் போய்ச் சொன்னான். உபதேசியார் சாவு மணிக் கயிற்றைப் பிடித்துவிட்டார். அதற்குப் பிறகுதான் அண்ணன் ஹாலுக்கு வந்தான்.

அடக்கம் முடிந்து வந்ததும், கூடத்தில் அத்தனை சொந்தத்துக்கும் நடுவில், "உங்களுக்கு உங்க பாட்டுதானே பெரிசு" என்றேன். எல்லாரும் உன்னைத் திரும்பிப் பார்த்தார்கள். 'நீதானே போகச் சொன்ன' என்று ஒரு வார்த்தை நீ சொல்லியிருக்கலாம். அன்று சொல்லவில்லை. அடுத்த மாதம் பியானோவை விற்றபோது சொல்லவில்லை. அதற்குப் பிறகு உன் பேரில் ஒரு ரெக்கார்டு எடுக்கவில்லை, ஓட்டலில் யார் யார் பின்னாலோ வாசித்துக் குடும்பம் நடத்தினாய். அப்போதும் சொல்லவில்லை. பக்கத்தில்தான் படுத்திருந்தாய், இருபத்தொன்பது வருஷம் எட்டு மாதம்.

நான் ஒருநாள் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். நாள் நிறைய இருக்கிறது என்று நினைத்தேன்.

பிப்ரவரி 19, வியாழன்

மிருணாளினி போனில்: "ஆன்ட்டி, நாலாவதையும் சேத்துக்கலாமா?"

"சேத்துக்கோம்மா."

"தேங்க்ஸ் ஆன்ட்டி! அந்த மணியப் பத்திக் கவலைப்படாதீங்க, எங்க இன்ஜினியர் அத நீக்கிடுவார். கடைசியையும் முதல் பகுதியில இருந்து எடுத்து ஒட்டி, முழுசா முடிஞ்ச மாதிரி பண்ணிடலாம்ங்கறார்."

வீடு திரும்பிய மாதிரி. ஒட்டுப்போட்டு.

"வேணாம்மா. மணி இருக்கணும். அவர் எங்க நிறுத்தினாரோ அங்கயே நிக்கணும். இல்லன்னா கையெழுத்துப் போட மாட்டேன்."

"கேக்கறவங்களுக்கு அது தொந்தரவா இருக்குமே ஆன்ட்டி?"

"இருக்கட்டும். எங்களுக்கும் இருந்துச்சு."

பிறகு அவள், "அது பன்னெண்டு மணி மணி இல்லதானே?" என்றாள்.

"இல்லம்மா" என்றேன். சொன்னேன். செலின் பேரை வெளி ஆளிடம் சொல்லி எவ்வளவு வருஷம் ஆகிறது. நீ போகட்டுமா என்று கேட்டதையும், நான் போ என்றதையும் சொன்னேன். அட்டையில் போட வேண்டுமா என்று கேட்டாள். போடு என்றேன். நம் சொந்தத்தில் பாதிப் பேர் செத்தாயிற்று, மீதிப் பேராவது படிக்கட்டும்.

பிப்ரவரி 22, ஞாயிறு

குருத்தோலையைக் கொடுத்துவிட்டேன். பெட்டியில் போட்ட பிறகும் கொஞ்ச நேரம் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன். கோணல் கை மேலே தெரிந்தது.

பிப்ரவரி 24, செவ்வாய்

கையெழுத்துப் போட்டேன். மூன்று இடம். 'மதலேன் இன்னாசி'. பேனா நன்றாக எழுதியது. மிருணாளினி சோபாவில் உட்காராமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது அவள் போன பிறகுதான் உறைத்தது. போன தடவை ரெக்கார்டு விவரத்துக்காக இந்த டைரியைக் காட்டினேன், சோபாவைப் பற்றி எழுதியதையும் படித்திருக்கிறாள்.

பிப்ரவரி 25, திருநீற்றுப் புதன்

சாம்பல் பூசிக்கொண்டு வந்தேன். உன் கை மடித்த ஓலையும் இதில் இருக்கும். கண்ணாடியில் பார்த்தேன், துடைக்கவில்லை. கஞ்சி குடித்தேன். இன்று ஒருவேளைதான்.

அவள் எனக்கென்று ஒரு சின்னப் பெட்டியில் உன் நாலாவது ரெக்கார்டைப் போட்டுக் கொடுத்திருக்கிறாள், பொத்தானை அழுத்தினால் பாடும். காலையிலிருந்து ஐந்து தடவை கேட்டுவிட்டேன். 'பன்னீர் திராட்சை வேற வாங்கணும்' என்கிற இடத்தை மட்டும் இன்னும் அதிகம்.

ஒன்று மட்டும் எனக்கு ஆறவில்லை. ஹமீது பாய் கதவைப் பார்த்தார், நீ பார்க்கவில்லை. சரி. ஆனால் நம் கோயிலில் இரண்டு மணி. பெரிய மணி பூசைக்கும், மூவேளை செபத்துக்கும், பெரியவர்கள் சாவுக்கும். சின்ன மணி பிள்ளைகள் சாவுக்கு மட்டும். பத்து வயசிலிருந்து அந்தக் கோயிலில் ஆர்மோனியம் வாசித்தவன் நீ. தூக்கத்தில் கேட்டாலும் உனக்கு எது எதுவென்று தெரியும். அடித்தது சின்ன மணி.

அந்த வாரம் நம் தெருவில் மூன்று பிள்ளைகளுக்கு ஜுரம். பேக்கரிக்காரர் மகனுக்கு நம் பிள்ளையைவிட மோசம். அவனுக்கு என்று நினைத்திருப்பாய் என்று முதல் மூன்று தடவை கேட்டபோது எனக்குத் தோன்றியது. பாவம், யார் பெற்ற பிள்ளையோ என்று தொட்டிருப்பாய். நாலாவது தடவை அப்படித் தோன்றவில்லை. வலது கை ஏன் அப்படி நின்றது? பிறகு ஏன் அத்தனை மெதுவாக, பிள்ளையை முதுகில் தட்டித் தூங்கவைக்கிற மாதிரி? ஏன் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, எல்லாரும் வீடு திரும்பக் காத்திருக்கும்போது, மற்ற தட்டைத் தட்டாமல் விட்டாய்?

அது நம் செலினுக்கு அடிக்கிற மணி என்று தெரிந்தேதான் வாசித்தாயா, சிட்டு?